ஒரகடத்தில் இருக்கும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று வாரமாக உன் போன் இல்லை. அம்மா கேட்டால் வேலை அதிகம் என்கிறாயாம். சரி. உங்கள் கம்பெனியில் தொழிற்சங்கம் ஆரம்பித்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஹெச்.ஆரில் இருப்பவனுக்கு இப்போது தூக்கம் இருக்காது. நேரத்துக்குச் சாப்பிடு.

என் காலத்தில் ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம். ஆனால் அந்தச் சங்கத்தோடு நிர்வாகம் பேசித்தான் ஆக வேண்டும் என்று சட்டம் கிடையாது. பேச வைப்பதற்கே ஸ்டிரைக் செய்ய வேண்டியிருந்தது. 2024-இல் ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் பையன்கள் 37 நாள் உட்கார்ந்ததும் முக்கியமாக அதற்குத்தானே. புதிதாக வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில் 51 சதவீதம் பேர் ஒரு சங்கத்தில் இருந்தால் அதோடு பேசியாக வேண்டும். நல்லதுதான். ஆனால் 51 என்று ஒரு எண் வந்துவிட்டால் ஆள் சேர்க்கிற வேலையும் ஆள் கழிக்கிற வேலையும் தொடங்கிவிடும். கழிக்கிற வேலை உன் மேஜைக்குத்தான் வரும்.

ஒப்பந்தம் போட்டால் லேபர் ஆபீசர் முன்னால் போடச் சொல். பழைய தொழில் தகராறு சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து நாங்கள் அதை 12(3) என்போம், அது எல்லாத் தொழிலாளியையும் கட்டும். ஆபீசர் இல்லாமல் போடும் 18(1) கையெழுத்துப் போட்டவர்களை மட்டும்தான். இப்போது எண் மாறியிருக்கும், விஷயம் அதேதான். உனக்குத் தெரியாததா? உன் விசிட்டிங் கார்டு என் பர்ஸில் இருக்கிறது, போன வாரம்கூட பேங்கில் காட்டினேன். பெரிய படிப்புப் படித்தவன், அப்பாவுக்கு ஒரு போன் செய்ய நேரமில்லை. சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே.

அங்கே யாரிடமாவது எதையாவது எழுதி வாங்குகிறார்களா என்று நான் கேட்க மாட்டேன். ஆனால் இதைச் சொல்ல வேண்டும். எங்கள் கம்பெனியில் 1994 ஸ்டிரைக் நோட்டீஸ் கொடுத்துச் சட்டப்படி நடந்தது. நாற்பதாவது நாள் விடியற்காலையில் நான் தனியாக கேட்டுக்குப் போனேன். நன்னடத்தைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். வேலைக்குத் திரும்புகிறவனிடம் அப்படி வாங்கக் கூடாது என்று அந்தப் பழைய சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையிலேயே இருந்தது. சங்கக் கமிட்டியில் இருந்த எனக்கு அது தெரியும். உன் ஸ்கூல் பீஸ் என்று அம்மாவிடம் சொன்னேன். பீஸ் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. பயந்துவிட்டேன், தம்பி. அன்று கையெழுத்துப் போடாமல் வெளியே நின்றவர்தான் உனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்த மாமா. அவர் ஏன் நம் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார் என்று நீ அப்போது கேட்டுக்கொண்டே இருந்தாய்.

அம்மா நார்த்தங்காய் போட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வா.

அப்பா