ஒட்டகம் நியூயார்க்குல, யானை மாட்ரிட்ல: காசில்யாஸ் கிராமத்து ஓவியங்களுக்காக ஒரு திறந்த மடல்

மாட்ரிட் பிராடோ, நியூயார்க் மெட்ரோபாலிட்டன், பாஸ்டன், சின்சினாட்டி, இண்டியானாபோலிஸ் மியூசியங்கள்ல பொறுப்புல இருக்கிறவங்களுக்கு,

வணக்கம். நீங்க அஞ்சு இடத்துல வச்சிருக்கிற சில ஓவியங்கள் எல்லாம் ஒரே ஒரு சின்ன கட்டடத்தோட சுவத்துல இருந்து வந்தது. ஸ்பெயின்ல சோரியா மாகாணம், காசில்யாஸ் தெ பெர்லாங்காங்கிற குட்டி கிராமம், அதுக்கு வெளிய ஒரு மேட்டுல நிக்கிற சான் பௌதேலியோங்கிற கிறிஸ்தவ கோயில். நான் முதல்ல பிராடோவுலதான் அந்த யானைய பாத்தேன், முதுகுல கோட்டைய சுமந்துக்கிட்டு நிக்கும், பாத்ததும் அங்கேயே கொஞ்ச நேரம் நின்னுட்டேன். அப்புறம் இது எந்த ஊருலேர்ந்து வந்துச்சுன்னு தேடிக்கிட்டு சோரியாவுக்கே போயிட்டேன். சதுர கிலோமீட்டருக்கு பத்து பேர்கூட இல்லாத மாகாணம் அது, ரோட்டுல எதிர்ல ஒரு வண்டி வந்தாலே பெரிய விஷயம்.

வெளிய இருந்து பாத்தா ஒண்ணுமே இல்லைங்க, கல்லுல கட்டின ஒரு பெட்டி மாதிரி இருக்கும், குதிரை லாட வடிவத்துல ஒரு வாசல், அவ்ளோதான். உள்ள கால் வச்சதும் நடுவுல ஒரே ஒரு தூண், அது மேல போயி எட்டு கிளையா பிரிஞ்சு கூரைய தாங்குது, அப்படியே ஒரு பேரீச்ச மரம். பின்பக்கம் குட்டி குட்டி தூணா நெருக்கமா நிக்குது, மேல லாட வளைவுங்க, ஒரு நிமிஷம் சின்ன மசூதிக்குள்ள வந்துட்டோமோன்னு தோணும். அதுக்கும் அந்தாண்ட பாறையில ஒரு குகை, முன்னாடி யாரோ ஒரு துறவி அங்க இருந்திருக்கணும்னு சொல்றாங்க. சுத்தி பாறையிலேயே குடைஞ்ச கல்லறைங்க வேற.

இதெல்லாம் ஏன் ஒண்ணு மேல ஒண்ணா கிடக்குன்னா, அந்த இடம் எல்லைங்க. துவேரோ ஆத்துக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு முஸ்லிம் ஆட்சியும் கிறிஸ்தவ ராஜாக்களும் தலைமுறை தலைமுறையா மாறி மாறி பிடிச்ச நிலம். பக்கத்துலயே கோர்மாஸ் மலை மேல 10-ஆம் நூற்றாண்டுல தெற்கு ஸ்பெயின்ல கோர்தோபாவுலேர்ந்து ஆண்ட முஸ்லிம் ராஜாவான கலீஃபாவோட ஆளுங்க பெருசாக்கி கட்டின கோட்டை இன்னும் நிக்குது. சண்டை போட்டாங்கதான், ஆனா கட்டுற வேலை தெரிஞ்ச கைங்க மதம் பாத்து நிக்கல, 11-ஆம் நூற்றாண்டுல இந்த கோயில கட்டினவங்களுக்கு கோர்தோபாவோட லாட வளைவும் தெரிஞ்சிருக்கு, கிறிஸ்தவ பூஜைக்கு என்ன வேணும்னும் தெரிஞ்சிருக்கு. 12-ஆம் நூற்றாண்டுல வந்து வரைஞ்சவங்க மேல்வரிசையில ஏசுவோட கதைய வரைஞ்சாங்க, கீழ யானை, ஒட்டகம், கரடி, முயல் வேட்டை, கையில பருந்தோட குதிரை மேல போறவர்னு முஸ்லிம் அரண்மனைத் துணியிலயும் தந்தப் பெட்டியிலயும் வர்ற மாதிரியான உருவங்கள். மேலயும் கீழயும் சேர்த்து பாத்தாதான் அந்த ஊரு என்னன்னே புரியும். இப்ப அத எப்படி பாக்கறது? ஒட்டகம் நியூயார்க்குல, யானை மாட்ரிட்ல, பருந்துக்காரர் சின்சினாட்டில, ஏசுவோட கடைசி விருந்து பாஸ்டன்ல, ஏசு ஜெருசலேமுக்குள்ள வர்ற காட்சி இண்டியானாபோலிஸ்ல.

எப்படி போச்சுன்னு உங்களுக்கு என்னைவிட நல்லா தெரியும், ஆனாலும் சொல்றேன். 1917-லயே அரசாங்கம் அத தேசிய நினைவுச் சின்னம்னு அறிவிச்சிருச்சு. ஆனா கோயில் சொந்தமா இருந்தது ஊர்க்காரங்களுக்கு, அவங்க 1922-ல ஓவியங்கள லியோன் லெவிங்கிற வியாபாரிக்கு 65,000 பெசெத்தாவுக்கு வித்துட்டாங்க. அரசாங்கம் தடுக்கப் பாத்துச்சு, கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, வித்தது செல்லும்னுதான் முடிஞ்சுது. 1926-ல ஆளுங்க வந்து பசை தடவின துணிய சுவத்துல ஒட்டி, காயவிட்டு, தோல உரிக்கிற மாதிரி பெயிண்ட மட்டும் உரிச்சு எடுத்துட்டு போயிட்டாங்க.

இதுல ஊர்க்காரங்கள திட்டுறவங்க நிறைய பேர், எனக்கு அது சுத்தமா ஒத்துக்கல. காஞ்ச நிலத்துல ஆடு மேய்ச்சு கோதுமை போட்டு பொழைச்சவங்க, அவங்ககிட்ட வந்து அவ்ளோ பணம் தரேன்னா என்ன செய்வாங்க? சின்னம்னு பேப்பர்ல எழுதின அரசாங்கம் அத காப்பாத்த வழி பண்ணியிருக்கணும், வாங்கினவங்க எத எங்கேருந்து பிரிக்கிறோம்னு யோசிச்சிருக்கணும்.

அப்புறம் 1957 ஒப்பந்தம். ஆறு ஓவியத்த மெட்ரோபாலிட்டன் மியூசியம் பிராடோவுக்கு கடனா கொடுத்துச்சு, பதிலுக்கு செகோவியா பக்கம் ஃபுவெந்திதுவேன்யா கிராமத்துல இடிஞ்சு கிடந்த சான் மார்ட்டின் சர்ச்சோட பின்பக்க அரைவட்ட மண்டபத்த ஸ்பெயின் கடனா கொடுத்துச்சு. சுமார் 3,300 கல்லு, ஒவ்வொண்ணா கழட்டி கப்பல்ல ஏத்தி நியூயார்க்ல மெட்ரோபாலிட்டனோட கிளையான க்ளாய்ஸ்டர்ஸ் மியூசியத்துல திரும்ப அடுக்கிட்டாங்க. ஒரு கிராமத்தோட சுவர வாங்க இன்னொரு கிராமத்தோட சுவர கொடுத்தது, இத நினைச்சா எனக்கு மனசு ஆறவே இல்ல. அதுலயும் திரும்பி வந்த ஆறும் மாட்ரிட்லயே நின்னுருச்சு, காசில்யாஸ் வரைக்கும் வரல.

நான் கேக்கறது இதுதான். ஒரிஜினல அந்த ஈரச் சுவத்துல திரும்ப ஒட்டச் சொல்லல, அது தாங்காதுன்னு எனக்கும் தெரியும். ஆனா நீங்க அஞ்சு பேரும் உங்ககிட்ட இருக்கிறத நல்ல தரத்துல ஸ்கேன் பண்ணி அந்த ஊருக்கு இலவசமா கொடுக்கலாம். கத்தலோனியாவுல தாவூல் சர்ச்ல, மியூசியத்துக்கு போன ஓவியத்த ப்ரொஜெக்டர் வச்சு அதே சுவத்துல காட்டுறாங்க, அதே மாதிரி இங்கயும் பண்ண முடியும். உங்க ஹால்ல இருக்கிற லேபிள்லயும் 1922-ம் 1926-ம் அந்த கோர்ட் கேஸும் முழுசா, பாக்கறவங்க கண்ணுல படற மாதிரி எழுதுங்க. முடிஞ்சா ஒரே ஒரு தடவை எல்லாத்தையும் சோரியாவுல ஒரு இடத்துல சேர்த்து வைங்க, காசில்யாஸ்ல மிச்சம் இருக்கிற பெரியவங்க போயி பாத்துட்டு வரட்டும்.

நான் போன அன்னிக்கு உள்ள வெளிச்சம் கம்மி. கண்ணு பழகினதுக்கு அப்புறம் சுவத்துல மங்கலா கோடுங்க தெரிய ஆரம்பிச்சுது, உரிச்சப்ப அடியில தங்கிப்போன சாயம். அந்த உருவங்க இன்னும் அங்கேயே இருக்குங்க.