பட்டியல் கழிக்கும் படலம்

நங்கநல்லூர், சென்னை
ஆடி மாதம்

அன்புள்ள முருகேசா,

உன் குரல் செய்தியைக் கேட்டேன். மூட்டுவலி, குற்றாலச் சாரல், சம்பந்தி வீட்டார் போட்ட நிபந்தனை எல்லாம் சொல்லி முடித்து, கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தாய். போனில் பாட்டுப் பட்டியல்கள் கணக்கில்லாமல் சேர்ந்துவிட்டன, எப்படிக் கழிப்பது, கழித்தால் பாட்டும் சேர்ந்து போய்விடுமா என்று கேட்டிருக்கிறாய். இதைப் போனில் சொன்னால் பாதியில் நீ வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். பக்கத்தில் தங்கச்சியை உட்கார வைத்துக்கொண்டு படி, அவளுக்கு இந்த விஷயங்கள் உன்னைவிட நன்றாகப் பிடிபடும்.

முதலில் உன் பயம். பட்டியலை அழித்தால் பாட்டு போகாது. பாட்டு, நீ கேட்கிற செயலியை நடத்தும் நிறுவனத்தின் கிடங்கில் இருக்கிறது. உன் பட்டியலில் இருப்பது எந்தப் பாட்டு, எதற்குப் பின் எது என்கிற குறிப்பு மட்டும்தான். டவுன்லோடு செய்து வைத்திருந்தால் போனில் அடைத்துக்கொண்டிருந்த இடமும் திரும்பக் கிடைக்கும். மறுபடி தேடினால் ஒவ்வொரு பாட்டாகக் கிடைத்துவிடும். நீ யோசித்து யோசித்து அடுக்கிய வரிசைதான் கிடைக்காது. ஆகவே பிடித்த பட்டியல் என்றால் நீக்கும் முன் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள். நான் நோட்டில் எழுதி வைக்கிறேன், பழைய வழக்கம்.

நீ வைத்திருக்கும் பாட்டுச் செயலி ஸ்பாட்டிஃபை. பட்டியலைத் திறந்தால் தலைப்புக்குக் கீழே மூன்று புள்ளி தெரியும். அதைத் தொட்டால் வருகிற வரிகளில் டிலீட் பிளேலிஸ்ட் என்று ஒன்று இருக்கும். நிச்சயமா என்று கேட்கும், ஆமாம் என்றால் தீர்ந்தது. சில பட்டியல்களில் அந்த வரியே இல்லை என்று அலுத்துக்கொண்டாயே, அவை நீ போட்டவை அல்ல. வேறு யாரோ போட்டதை நீ சேமித்திருக்கிறாய். அங்கே இருக்கும் பச்சை டிக்கைத் தொட்டு உன் லைப்ரரியிலிருந்து விலக்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். அடுத்தவன் பட்டியலை அழிக்க நமக்கு ஏது அதிகாரம்?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம்முடையதையே நாம் அழிக்கிறோமா என்றால் அதுவும் இல்லை. ஸ்பாட்டிஃபையோடு சேர்த்து மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு அவர்கள் ஒரு கையேடு போட்டிருக்கிறார்கள். பட்டியலை அழிப்பது என்கிற ஒன்றே தங்கள் அமைப்பில் கிடையாது, சொந்தக்காரரே நீக்கினாலும் அவர் அதைப் பின்தொடர்வதை நிறுத்துகிறார் என்றுதான் அர்த்தம் என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. உன் மச்சினன் உன் பட்டியலைச் சேமித்து வைத்திருந்தால், நீ கழித்த பிறகும் அவன் போனில் அது பாடிக்கொண்டுதான் இருக்கும். பிறர் பார்த்தால் கூச்சமாக இருக்கும் பட்டியல் ஏதாவது வைத்திருந்தால் (உன்னைத் தெரியாதா எனக்கு), முதலில் உள்ளே இருக்கும் பாட்டுகளை எடுத்துவிட்டுப் பெயரையும் மாற்றிவிடு. அப்புறம் நீக்கு.

கை தவறி நல்ல பட்டியல் போய்விட்டாலும் பதற வேண்டாம், 90 நாளுக்குள் மீட்கலாம். போன் செயலியில் தேடாதே, அங்கே இல்லை. பிரவுசரில் ஸ்பாட்டிஃபை தளத்துக்குப் போய் உன் அக்கவுண்ட் பக்கத்தைத் திறந்தால் ரெக்கவர் பிளேலிஸ்ட்ஸ் என்று இருக்கும். உன் பெண் வைத்திருக்கும் யூடியூப் மியூசிக்கில் இந்தச் சலுகை கிடையாது. போனால் போனதுதான். போதாக்குறைக்கு, அந்தப் பட்டியலும் யூடியூபில் இருக்கும் பட்டியலும் ஒன்றே. ஒரு பக்கம் நீக்கினால் மறுபக்கமும் காலி. அவளிடம் சொல்லிவை.

சரி, எதைக் கழிப்பது, எதை வைத்துக்கொள்வது? எனக்கு இதில் ஒரு பிடிவாதம் உண்டு. அறுபது நிமிஷத்துக்கு மேல் போனால் அதை நான் பட்டியல் என்று ஒப்புக்கொள்வதில்லை. ஏன் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருந்தபோது சம்பளம் வந்த வாரம் நாம் இரண்டு பேரும் சேர்ந்து காசு போட்டு ஒரு காலி கேஸட் வாங்கிக்கொண்டு ரெக்கார்டிங் கடைக்குப் போவோமே. அறுபது நிமிஷ கேஸட் என்றால் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிஷம். ஆறு பாட்டு, இழுத்துப் பிடித்தால் ஏழு. அந்த ஏழுக்காக ராத்திரி முழுக்கச் சண்டை போடுவோம். சோகப் பாட்டெல்லாம் இரண்டாம் பக்கம் என்பது உன் சட்டம். முதல் பக்கம் முடிகிற இடத்தில் சரணம் அறுந்துபோகக் கூடாது என்பது என் சட்டம். கடைக்காரர் நம் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, இது நீளம், இது என்னிடம் இல்லை என்று பேனாவால் அடிப்பார். அவர் அடித்ததும் சேர்ந்துதான் அந்தக் கேஸட்டுக்கு ஒரு முகம் வந்தது என்று இப்போது தோன்றுகிறது. காசு கொடுத்து வாங்கிய நிமிஷங்கள் அவை, ஒன்றையும் வீணாக்க மனசு வராது.

இன்றைக்கு ஒரு பட்டியலில் 10,000 பாட்டு வரை போட விடுகிறார்கள். பாட்டுக்கு நாலு நிமிஷம் வைத்தால்கூட இரவு பகல் நிறுத்தாமல் கேட்க 27 நாளுக்கு மேல் ஆகும். உன்னிடம் 'எல்லாம்' என்று ஒரு பட்டியல் இருப்பதாகச் சொன்னாய். அதைத்தான் முதலில் கழிக்கச் சொல்வேன். எல்லாம் வேண்டுமென்றால் தேடும் பெட்டிதான் இருக்கிறதே, பட்டியல் எதற்கு?

நான் கழித்தவை: மாதப் பெயரில் போட்டு வைத்த பட்டியல்கள், யாரோ அனுப்பிய லிங்க்கைத் திறந்து மரியாதைக்காகச் சேமித்தவை, பேரன் தூங்குவதற்காகப் போட்ட குழந்தைப் பாட்டுகள். கடைசியாகச் சொன்னது பெரிய தொல்லை. அவன் கேட்டதை நான் கேட்டதாக நினைத்துக்கொண்டு, எனக்கு விடிய விடிய யானைப் பாட்டும் ரயில் பாட்டும் சிபாரிசு செய்துகொண்டிருந்தது. உன் வீட்டிலும் பேத்தி வருவாள் அல்லவா? அவள் பட்டியலை அழிக்க வேண்டியதில்லை. அதே மூன்று புள்ளியில், இதை என் ரசனைக் கணக்கில் சேர்க்காதே என்று சொல்ல ஒரு வரி இருக்கிறது. அதைத் தொட்டுவிடு, போதும்.

நிஜமாகவே யோசித்துக் கை வைக்க வேண்டியது இரண்டு இடம்.

ஒன்று, பழைய சினிமாப் பாட்டு. பட்டியலில் சில பாட்டுகள் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடப்பதைப் பார்த்திருப்பாய். உரிமைக்காரர்களோடு ஒப்பந்தம் முடிந்தால் அப்படி ஆகும். உடனே குப்பை என்று எடுத்துவிடாதே. ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. வந்த வேகத்தில் சரிகமாவோடு பேச்சு கூடிவராமல், தில்லி உயர்நீதிமன்றம் வரை போய், ஏப்ரலில் அவர்கள் பாட்டையெல்லாம் எடுக்க வேண்டியதாயிற்று. சரிகமா என்றால் நம் காலத்து எச்.எம்.வி. தமிழில் பழைய பாட்டு என்று நீயும் நானும் சொல்வதில் பெரும்பகுதி அவர்கள் கையில். 2020 மே மாதம் ஒப்பந்தம் ஆன பிறகுதான் திரும்பி வந்தன. ஒரு வருஷம் பொறுத்தால் கிடைக்கிறதை அவசரப்பட்டுக் கழிப்பானேன்? தவிர, ஒரே பாட்டு நாலைந்து தொகுப்பில் தனித்தனியாக ஏறியிருக்கும். ஒன்று மங்கினால் இன்னொன்றைத் தேடிப் பார். தேடுவதற்குத்தான் பொறுமை வேண்டும். ழகரத்துக்கு ஆங்கிலத்தில் ஆளுக்கொரு எழுத்து, நெடிலுக்கு ஒருவர் ஒரு ஏ போடுவார், இன்னொருவர் இரண்டு. பாடியவர் பெயர் இருக்கும், இசையமைத்தவர் பெயர் இருக்கும், எழுதியவர் பெயரைத்தான் தேட வேண்டியிருக்கும். கவிஞர்களுக்கு எப்போதுமே இந்தக் கதிதான்.

இன்னொன்று, கச்சேரி. போன மார்கழி சபாக்களில் உன்னோடு அலைந்த பிறகு, வீட்டில் கேட்பதற்கென்று நான் ஒரு பட்டியல் போட்டேன். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துக் கொடுத்த கச்சேரி முறை, வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான உருப்படிகள், பிரதான கீர்த்தனை, தனி ஆவர்த்தனம், துக்கடா, மங்களம் என்று போகிறது. அந்த முறையே அருமையான பட்டியல் அல்லவா? ஆனால் இந்தச் செயலிகளில் ஆலாபனை ஒரு துண்டு, கீர்த்தனை ஒரு துண்டு, தனி ஒரு துண்டு என்று ஏற்றி வைத்திருக்கிறார்கள். வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிள் மட்டும் ஓடிவிட்டால் மங்களம் முதலில் வரும், நடுவில் யாருக்கு என்று தெரியாமல் மிருதங்கம் தனியாக வாசித்துக்கொண்டிருக்கும். ஷஃபிளை நிறுத்து. செட்டிங்ஸில் கிராஸ்ஃபேட் என்று இருப்பதையும் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவா. அது ஒரு பாட்டின் வாலையும் அடுத்ததின் தலையையும் கலக்கிவிடும். சினிமாப் பாட்டுக்குத் தாங்கும், ஆலாபனை முடிகிற இடத்துக்குத் தாங்காது.

இங்கே ஆடி களைகட்டிவிட்டது. தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். ஸ்பீக்கர் செட்காரப் பையன் பென்டிரைவைக்கூடக் கைவிட்டுவிட்டான், எல்லாம் போன்தான். இலவச அக்கவுண்ட் போலிருக்கிறது. அம்மன் வர்ணிப்பு உச்சத்துக்குப் போகும்போது நடுவில் கடன் விளம்பரம் வந்தது. சாமியாடிக்கொண்டிருந்த அம்மா ஒரு கணம் நின்று, விளம்பரம் முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். மெட்ரோ வேலையால் ஆற்காடு சாலைப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டேன். காலையில் ஆஞ்சநேயர் கோயில் வரை நடை, மற்றபடி வீடு.

ஆவணியில் உன் பெண் கல்யாண வரவேற்புக்குப் பாட்டுப் பட்டியல் எல்லோரும் சேர்ந்து போடலாம் என்றாயே, செய்யலாம். கூட்டுப் பட்டியல் என்று ஒரு வசதி இருக்கிறது, நீ லிங்க் அனுப்பினால் நான் இங்கிருந்தே பாட்டு சேர்ப்பேன். ஒன்றை மட்டும் நினைவில் வை. லிங்க் கிடைத்தவன் சேர்க்கவும் செய்வான், எடுக்கவும் செய்வான். குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டாயானால் உன் தம்பி பையன்கள் ராத்திரியோடு ராத்திரியாக நாதஸ்வரத்தை எடுத்துவிட்டுக் குத்துப்பாட்டு ஏற்றிவிடுவார்கள். எனக்கும் மாப்பிள்ளைக்கும் மட்டும் அனுப்பு. மாப்பிள்ளை இளைஞர், அவருக்கும் ஆசை இருக்கும். தாம்பூலப் பை கொடுக்கிற நேரம் வரை நம் பாட்டு, அதற்கு மேல் அவர்கள் பாடு.

அதற்கு முன் பட்டுப்புடவை எடுக்க நீங்கள் எல்லோரும் இங்கே வருவதாகத் தங்கச்சி சொன்னாள். பொதிகையில் வந்தால் எழும்பூர் வரை போகாதீர்கள். தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயில் பிடித்துப் பழவந்தாங்கல் வந்துவிடுங்கள், ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். டிக்கெட் எடுத்ததும் தேதி சொல். 'எல்லாம்' என்ற பட்டியலை அதற்குள் கழித்துவிட்டிருக்க வேண்டும், போனை வாங்கிப் பார்ப்பேன்.

அன்புடன்,
சுந்தரம்