ஒரு நாள் வேலைக்கும் ஒரு சீட்டு கொடுக்கச் சொல்லுங்கள்

சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் அதிகாரிகளுக்கு,

வணக்கம். சட்டமெல்லாம் நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

திங்கள் முதல் வெள்ளி வரை ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதுகிறேன். மாதம் முடிந்தால் சம்பளச் சீட்டு வருகிறது, மத்திய சேம நிதி (மசே நிதி) ஏறுகிறது, காய்ச்சல் என்றால் எம்சி எனும் மருத்துவ விடுப்பு எடுக்கிறேன். சனி, ஞாயிறு கேட்டரிங் வேலை. அந்த இரண்டு நாளும் என் முதலாளி யார் என்று கேட்டால் எனக்கே தெரியாது. "நாளைக்குப் பத்து பேர் வேணும், கூலி 90 வெள்ளி, கறுப்புச் சட்டை" என்று வாட்ஸ்அப்பில் வரும். கட்டைவிரலைக் காட்டினால் வேலை உறுதி. எங்கள் ஒப்பந்தம் அவ்வளவுதான்.

சென்ற மாதம் ஒரு கல்யாண விருந்து. என்னோடு வேலை பார்க்கும் அக்கா ஒருவர், அறுபதைத் தாண்டியவர், ரச அண்டாவை இன்னொருவரோடு சேர்ந்து தூக்கினார். தரை ஈரம். கால் வழுக்கியதில் முழங்கையிலிருந்து விரல்வரை கொதிக்கிற ரசம் கொட்டிவிட்டது. சூப்பர்வைசர் பையன் நல்லவன்தான். பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றினான், டாக்சி பிடித்து ஏற்றிவிட்டான். மறுநாள் மருத்துவச் செலவைப் பற்றிக் கேட்டபோது அவனே, "ஆண்டி, நீங்க ஃப்ரீலான்ஸ்தானே, ஃப்ரீலான்ஸுக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது" என்றான். கேட்டரிங்காரரிடம் போனால், ஆள் அனுப்பியவரைக் கேளுங்கள் என்றார். ஆள் அனுப்பியவர், நான் நம்பர் மட்டும்தான் கொடுத்தேன் என்றார். அன்றைய கூலி பேநவ் வழியாக வங்கிக் கணக்குக்கு வந்திருந்தது. அனுப்பியவர் பெயரைப் பார்த்தால் இவர்கள் இருவருமே இல்லை, மூன்றாவதாக யாரோ. அப்புறம் அக்காவை வாட்ஸ்அப் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார்கள்.

வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் முழுநேரமா பகுதிநேரமா என்று பார்ப்பதில்லை. வயதையும் சம்பளத்தையும் பார்ப்பதில்லை. ஊழியர் என்றால் போதும். ஒருவரை என்ன பெயர் சொல்லி அழைத்தாலும் உண்மையில் வேலை எப்படி நடந்தது என்றுதான் பார்ப்போம் என்றும் நீங்கள் சொல்கிறீர்கள். நல்ல சட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் புகார் கொடுக்கப் போனால் முதல் கேள்வியே முதலாளி யார் என்பதுதான். அதற்கு அக்கா யாருடைய பெயரைச் சொல்வார்?

2016 ஏப்ரல் முதல் வேலை விதிமுறைகளை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று வைத்தீர்கள். ஆனால் 14 நாளோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்தால்தான் அந்தக் கட்டாயம். 14 நாள் ஆனபிறகுதான் ரசம் சுடுமா? சம்பளச் சீட்டுக்கு அந்தக் கணக்கு இல்லை, தெரியும். ஆனால் நீ ஊழியரே இல்லை என்பவர் சம்பளச் சீட்டை எங்கே கொடுக்கப் போகிறார்?

எனவே நாங்கள் முக்கியமாகக் கேட்பது இதுதான். ஒரு நாள் வேலைக்குக் கூப்பிட்டாலும் ஒரு சீட்டு கொடுக்க வேண்டும். முதலாளியின் பெயர், பதிவு எண், நேரம், கூலி. தாளில் வேண்டாம், அதே வாட்ஸ்அப்பில் வரட்டும்.

2025 ஜனவரியில், செயலி வழியாக வேலை செய்பவர்களுக்கான இணையத்தள ஊழியர் சட்டம் நடப்புக்கு வந்தது. உணவு கொண்டுபோகும் தம்பிகளுக்கு விபத்து நடந்தால் இழப்பீடு உண்டு, 1995 முதல் பிறந்தவர்களுக்கு மசே நிதியும் கட்டாயம். மனதார வரவேற்கிறேன். அவர்கள் பெயர் ஒரு செயலியில் பதிவாகியிருக்கிறது. அந்த உணவை ஆக்குகிற, பரிமாறுகிற, அண்டா கழுவுகிற எங்கள் பெயர்தான் எங்கேயும் இல்லை.

நாங்கள் சுயதொழில் செய்பவர்களாம். என்ன தொழில் என்று யாராவது சொன்னால் தேவலை. கரண்டி அவர்களுடையது, அண்டா அவர்களுடையது, ஏப்ரன் அவர்களுடையது. எத்தனை மணிக்கு வர வேண்டும், எப்போது சாப்பிடலாம், எந்த வரிசையில் சாம்பார் ஊற்ற வேண்டும் என்பதும் அவர்கள் சொல்வதுதான். இதில் எங்கள் முதலீடு கறுப்புச் சட்டை ஒன்று! ஒரே முதலாளியிடம் மாதம் 50 வெள்ளிக்கு மேல் வாங்கினாலே அவர் மசே நிதி கட்ட வேண்டும் என்பது உங்கள் விதி. எங்களில் யாருக்கும் ஒரு காசு ஏறியதில்லை.

தமிழ்நாட்டில் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கென்று 1982-லேயே சட்டம் போட்டார்கள், அதன்கீழ் நல வாரியங்களும் வந்தன. அங்கே எல்லாம் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்பது வேறு கதை. ஆனால் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்றாவது ஒப்புக்கொண்டார்கள். இங்கே எல்லாமே ஒழுங்குமுறைக்குள் இருப்பதாக ஒரு நம்பிக்கை. விருந்து முடிந்த மண்டபத்தின் பின்வாசலுக்கு இரவு 11 மணிக்கு வந்து பாருங்கள், எத்தனை பேர் அதற்கு வெளியே நிற்கிறோம் என்று தெரியும்.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்டரிங்காரர்கள் எல்லாரும் கெட்டவர்கள் இல்லை. காயத்துக்குத் தாமாகவே செலவழித்தவர்களிடமும் வேலை செய்திருக்கிறேன். நல்ல மனிதர் கையில் மாட்டினால்தான் மருந்து கிடைக்கும் என்ற நிலைமையைத்தான் மாற்றக் கேட்கிறேன்.

அந்த 14 நாள் வரம்பை எடுத்துவிடுங்கள். ஒரு நாள் வேலைக்கும் முதலாளி பெயர் போட்ட சீட்டைக் கட்டாயமாக்குங்கள். கொடுக்காதவர், வந்தவர் தன் ஊழியர் இல்லை என்று சொன்னால், அதை நிரூபிக்கும் பொறுப்பு அவருடையதாக இருக்கட்டும். தை பிறந்தால் கல்யாண ஆர்டர்கள் வரிசை கட்டும், வாட்ஸ்அப்பில் ஆள் கேட்டு மெசேஜ் வந்தபடியே இருக்கும். அதற்கு முன்னால் ஒரு முடிவு எடுத்தால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

இப்படிக்கு,
வார இறுதியில் பந்தி பரிமாறும் ஒருத்தி