யானையைப் பாத்தியா மாப்ள?

மாப்ள,

எப்படி இருக்க, முட்டி வலி பரவாயில்லையா, தங்கச்சிக்கு சுகர் கன்ட்ரோல்ல இருக்கா? நான் வர்ஜினியாவுக்கு பொண்ணு வீட்டுக்கு வந்து ரெண்டு மாசம் ஆச்சு, பேரன் நல்லா ஒட்டிக்கிட்டான், குளிர்தான் தாங்கல. போன சனிக்கிழமை மருமகன் ஃப்ரெடரிக்ஸ்பர்க்னு ஒரு ஊருக்கு கூட்டிட்டுப் போனாரு, அமெரிக்க உள்நாட்டுப் போர்ல 1862 டிசம்பர்ல பெரிய சண்டை நடந்த இடம், அங்க போய்ட்டு வந்ததுலருந்து உன் நெனப்பாவே இருக்கு.

அங்க ராப்பஹானக்னு ஒரு ஆறு ஓடுது. சண்டை முடிஞ்ச அந்தக் குளிர்காலம் பூரா இந்தக் கரையில வடக்குப் படை, அந்தக் கரையில தெற்குப் படை காவலுக்கு நின்னுருக்கு. நின்னவனுங்க சின்னச் சின்னதா விளையாட்டுப் படகு மாதிரி செஞ்சு, இங்கருந்து காபிக்கொட்டை அனுப்புறது, அங்கருந்து புகையிலை வர்றது. வடக்கு கப்பல்படை தெற்கோட துறைமுகத்த எல்லாம் அடைச்சு வச்சதால அவனுக்கு காபி கெடையாது, கம்பு மாதிரி ஒரு தானியத்தையும் சக்கரவள்ளிக் கிழங்கையும் வறுத்து அதைத்தான் காபின்னு குடிச்சிருக்கான். அதே முற்றுகையாலதான் இங்கிலாந்து மில்லுக்கு அமெரிக்கப் பஞ்சு போகாம இந்தியப் பஞ்சுக்கு வெலை ஏறி, நம்ம கரிசல் பருத்தி தூத்துக்குடில கப்பல் ஏறுச்சு. அந்தக் கரைல நின்னப்ப எனக்கு இது மனசுக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு.

வந்ததுலருந்து அந்தச் சிப்பாய்ங்க எழுதின லெட்டரா தேடித் தேடி வாசிக்கிறேன். அவனுங்க பேச்சு இருக்கே மாப்ள, தனி பாஷை. ஹார்ட்டாக்னு ஒரு பிஸ்கட், மாவும் தண்ணியும்தான், மூணு இஞ்சு சதுரம், துப்பாக்கிக் கட்டையால இடிச்சாத்தான் உடையும், காபில ஊறப்போட்டா வண்டு மெதக்கும், அதை வழிச்சுப் போட்டுட்டு சாப்பிடுவானுங்க. அதுக்கு வச்ச பேரு புழுக்கோட்டை. நீ பட்டாளத்துலருந்து லீவுல வர்றப்ப பையில கொண்டு வந்த சக்கர்பாரா இனிப்பு பிஸ்கட்ட நாங்க தேங்காய் மாதிரி தரையில தட்டி உடைச்சோமே, அது ஞாபகம் வந்துச்சு, அதுலயாவது இனிப்பு இருந்துச்சு. சர்க்கார் காய்கறிய காயவச்சு கட்டியா அமுக்கிக் குடுத்து டெசிக்கேட்டட்னு பேர் வைக்க, இவனுங்க அதை டெசிக்ரேட்டட்னு மாத்திட்டானுங்க, தீட்டுப்பட்ட காய்கறின்னு அர்த்தம். சட்டையில பேன் பொறுக்குறதுக்கு, எதிரியோட சின்னதா மோதுறதுக்குச் சொல்ற அதே வார்த்தை, ஸ்கர்மிஷிங். வயித்துப்போக்குக்கு வேகநடை. செத்தவன்ல மூணுல ரெண்டு பேரு நோய்லதான் போயிருக்கான், குண்டு பட்டு இல்ல, அப்புறம் அதுக்கு ஒரு பேர் வைக்காம எப்படி இருப்பான் சொல்லு.

எல்லாத்தையும் விட என்னைப் பிடிச்சு நிறுத்துனது ஒண்ணு. மொத சண்டைய பாத்தவன் வீட்டுக்கு "யானையைப் பாத்துட்டேன்"னு எழுதுவான். போருக்கு முன்னாடியே இருந்த பேச்சுதானாம். நமக்கு யானைன்னா கோயில் வாசல்ல தும்பிக்கைய தலையில வைக்கிற யானை, அவனுக்கு அது கேள்விப்பட்டு கேள்விப்பட்டு ஒருநாள் பாக்கப்போற பெரிய அதிசயம். பாத்துட்டேன்னு மட்டும் எழுதிட்டு அடுத்த வரியில பூட்ஸ் கிழிஞ்சு போச்சு, காலுறை பின்னி அனுப்புன்னு போயிடுறான். அதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன்.

டெட்லைன்ங்கிற வார்த்தைய நான் ஆபீஸ்ல முப்பது வருஷம் சொல்லியிருப்பேன். ஜார்ஜியால ஆண்டர்சன்வில்னு தெற்கோட கைதி முகாம், 1864 பிப்ரவரில தொறந்தது, வேலிக்கு உள்பக்கம் ஒரு கட்டை அடிச்சு கோடு போட்டு, அதைத் தாண்டினா மேல நிக்கிற காவல்காரன் சுடுவான், அந்தக் கோட்டுக்குப் பேருதான் டெட்லைன். 45,000 பேரு அடைபட்டதுல கிட்டத்தட்ட 13,000 பேரு அங்கயே செத்துட்டான். இனிமே அந்த வார்த்தைய சாதாரணமா சொல்ல எனக்கு நாக்கு வராது.

இன்னொரு வார்த்தை, கான்ட்ராபேண்ட். 1861 மே மாசம் தெற்குல மூணு அடிமைங்க தப்பிச்சு வடக்குப் படை கையில இருந்த மன்ரோ கோட்டைக்கு வர்றாங்க, முதலாளி திருப்பிக் கேக்குறான், அங்க இருந்த ஜெனரல் பட்லர் வக்கீலு, எதிரி போருக்குப் பயன்படுத்துற சரக்கு, அதனால பறிமுதல்னு சொல்லி குடுக்க மாட்டேன்னுட்டாரு. நல்லதுதான் செஞ்சாரு, ஆனா தப்பிச்சு வந்த ஆயிரக்கணக்கான சனத்துக்கும் அந்தப் பேரே நின்னுருச்சு, மனுஷனுக்கு சரக்குன்னு பேரு. அப்புறம் கறுப்பின ஆளுங்க வடக்குப் படையில சேந்தப்ப வெள்ளைச் சிப்பாய்க்கு மாசம் 13 டாலர், இவனுக்கு 10, அதுலயும் துணிக்குன்னு 3 பிடிச்சுட்டு 7தான் கையில. மாசச்சூசெட்ஸ் 54ஆவது ரெஜிமென்ட் அந்தச் சம்பளமே வேண்டாம்னு வாங்காமயே சண்டை போட்டானுங்க, வீட்ல பொண்டாட்டி புள்ள பட்டினி, இருந்தும் வாங்கல, 1864 ஜூன்லதான் சமமாக்குனாங்க. இதப்பத்தி உன்கிட்ட நேர்ல ரொம்ப பேசணும்.

ஃப்ரெடரிக்ஸ்பர்க்ல மேட்டு மேல கல்லறை இருக்கு, 15,000 பேருக்கு மேல, அதுல முக்கால்வாசிக்கு மேல யாருன்னே தெரியாது. சின்னக் கல்லுல ரெண்டு நம்பர், மேல குழியோட நம்பர், கீழ அதுல எத்தனை பேருன்னு. படையில யாருக்கும் அடையாளத் தகடு குடுக்கல, 1864ல கோல்ட் ஹார்பர் சண்டையில பெரிய தாக்குதலுக்கு முந்தின நாள் சாயங்காலம் சிப்பாய்ங்க பேரும் ஊரும் காகிதத்துல எழுதி கோட்டு முதுகுல குத்திக்கிட்டு இருந்தத பாத்தேன்னு ஹோரஸ் போர்ட்டர்னு ஒரு அதிகாரி எழுதி வச்சிருக்காரு.

மாப்ள, 1999ல கார்கில் சண்டையப்ப நீ மலை மேல இருந்தப்ப எனக்கு எழுதின இன்லேண்ட் லெட்டர் பதினொண்ணு இருக்கு. இடம் பேரு கெடையாது, 56 ஏபிஓங்கிற பட்டாளத் தபால் முகவரி மட்டும். எல்லாத்துலயும் லங்கர்ல, அதான் பட்டாளச் சமையக்கட்டுல, பூரி நல்லா இருக்கு, குளிர் அதிகம், கடலை மிட்டாய் வந்துச்சு, எல்லாரும் பங்கு போட்டோம், அவ்வளவுதான். இவன் எதுவுமே சொல்ல மாட்டேங்கிறானேன்னு அப்ப எனக்குக் கோவம் கூட வந்துச்சு. இப்பத்தான் தோணுது, அதுல ஏதோ ஒரு வரி உன்னோட யானையா இருந்திருக்கும், நான் பூரின்னு படிச்சுட்டேன். உங்க யூனிட்ல அதுக்கு என்ன சொல்லுவீங்க? சொல்லணும்னு தோணினா சொல்லு, இல்லன்னா விட்டுரு.

அடுத்த மாசம் கடைசில ஊருக்கு வந்துருவேன். லெட்டரெல்லாம் அம்மாவோட டிரங்க் பெட்டிலதான் இருக்கு, எடுத்துட்டு வரேன், நீயே ஒரு தடவை படிச்சுக் காட்டு.

தங்கச்சிய கேட்டதா சொல்லு.