குடியிருப்போர் நலச் சங்கம், கிருஷ்ணகிரி: 2024-25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, மகளிர் குழுச் சகோதரிகளே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். எரியாமல் கிடந்த தெருவிளக்குகள் மாற்றப்பட்டன. பூங்காச் சுவருக்கு வெள்ளையடித்தோம். குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் கொடியேற்றினோம். பொங்கல் கோலப் போட்டியை மகளிர் குழுவே முழுப் பொறுப்பெடுத்து நடத்தியது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

மற்றபடி இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டது குப்பைதான். அதிலும், யாருக்கும் வேண்டாத கடைசிக் குப்பை.

காய்கறித் தோல், சோறு, பூ எல்லாம் நகராட்சியின் உரக்கூடத்துக்குப் போய்விடுகின்றன. பாட்டில், பேப்பர், தகரம் இவற்றைக் காயலான் கடையில் எடைக்குப் போடுகிறோம். இதற்கெல்லாம் அப்புறம் ஒரு மூட்டை மிஞ்சுகிறது: சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை, ஷாம்பு சாஷே, கிழிந்த துணி, மெத்தைப் பஞ்சு, அழுக்கேறிய கவர்கள். சிப்ஸ் பாக்கெட்டில் பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் உருக்கி மறுபடி பயன்படுத்த முடிவதில்லை. காயலான் கடைக்காரரும் வாங்க மாட்டார். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கும் கப்புகளுக்கும் தடை இருக்கிறது. ஆனாலும் கம்பெனி அடைத்து விற்கும் இந்த உறைகள் கடைகளில் தொங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

இந்த மூட்டைக்கு நம் தெருக்களில் இதுவரை ஒரே வழிதான் இருந்தது, தீக்குச்சி. போகியன்று டயரோடு சேர்த்துக் கொளுத்துவார்கள். தை மாதம் எருது விடும் விழா முடிந்தால், மைதானத்தில் கிடக்கும் தண்ணீர் பாக்கெட்டையும் டீ கப்பையும் கூட்டிக் குவித்து அங்கேயே எரித்துவிடுவார்கள். 2016 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இதற்கு அபராதமே விதித்திருக்கிறது. சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய். அபராதத்தைவிட நமக்குக் கவலை, அந்தப் புகையைச் சுவாசிக்கும் பிள்ளைகளைப் பற்றியது. தெருமுனைத் தீயில் வெப்பம் போதாது, காற்றும் சரியாகக் கலக்காது. அதனால் பாதி வெந்த புகையாக வெளியேறுகிறது. பி.வி.சி. கலந்திருந்தால் டையாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டாகிறது.

அதே மூட்டை சிமெண்ட் ஆலைச் சூளைக்குள் போனால் நடப்பது வேறு. அங்கே தீச்சுடர் 2,000 டிகிரி செல்சியஸை எட்டும். சுண்ணாம்புக்கல் சுமார் 1,450 டிகிரியில் வெந்து கிளிங்கராகிறது; அரைத்தால் சிமெண்டாகும் கட்டிதான் கிளிங்கர். 850 டிகிரிக்கு மேல் இரண்டு விநாடி இருந்தாலே டையாக்சின் போன்றவை சிதைந்துவிடும் என்பது கழிவு எரிப்பில் பின்பற்றும் அளவுகோல். சூளையில் வாயு அதைவிட அதிக நேரம், அதைவிட அதிகச் சூட்டில் இருக்கிறது. எரிந்து மிஞ்சும் சாம்பலும் கிளிங்கரோடு சேர்ந்துவிடுவதால், அதைக் கொட்ட இன்னொரு கிடங்கு தேட வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொன்னதும் இதைத்தான். கிலோவுக்கு 1,500 கிலோ கலோரியோ அதற்கு மேலோ வெப்பம் தரக்கூடிய, மறுசுழற்சிக்கு ஆகாத கழிவைக் குப்பைக் கிடங்கில் புதைக்கக் கூடாது; எரிபொருளாக்க வேண்டும், அல்லது சிமெண்ட் ஆலைக்கு அனுப்ப வேண்டும். அப்படிக் காயவைத்து, துண்டாக்கித் தயாரிக்கும் எரிபொருளைத்தான் ஆர்.டி.எஃப். என்கிறார்கள்.

இதனால் கார்பன் குறையுமா என்று செயற்குழுவில் ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி. பிளாஸ்டிக்கும் பெட்ரோலியத்திலிருந்து வந்ததுதான். ஒரு கிலோ பாலித்தீன் முழுதாக எரிந்தால் மூன்று கிலோவுக்குச் சற்று மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். மண்ணுக்குள் கிடந்திருந்தால் அந்தக் கார்பன் அங்கேயே கிடந்திருக்கும். ஆகவே சும்மா எரிப்பதால் லாபம் ஏதும் இல்லை. நிலக்கரிக்குப் பதிலாக எரித்தால்தான் லாபம். ஒரே அளவு வெப்பத்துக்கு நிலக்கரி வெளியிடும் கார்பன் டை ஆக்சைடை விடப் பாலித்தீன் வெளியிடுவது ஏறத்தாழ கால் பங்கு குறைவு. பருத்தித் துணி, மரத்தூள் போன்றவற்றில் இருப்பது செடி காற்றிலிருந்து எடுத்த கார்பன் என்பதால் அவற்றின் கணக்கு இன்னும் நல்லது. சிமெண்ட் ஆலையின் புகை முழுவதும் இதனால் சுத்தமாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே வெளியாகும் கார்பன் டை ஆக்சைடில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக்கல்லிலிருந்தே வருகிறது. குறைவது எரிபொருள் பங்கில்தான். அதுவும் வேண்டிய குறைவுதான்.

இந்த லாபத்தைக் கெடுப்பது ஈரம். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கவே 600 கிலோ கலோரி அளவுக்குச் செலவாகிறது. சாம்பார் ஊறிய கவரும் நனைந்த துணியும் சூளைக்குப் போனால், தன்னைக் காயவைக்கவே தன் வெப்பத்தைச் செலவழிக்கும். நம் ஊர்க் கலப்புக் குப்பையை அப்படியே எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகளை நான் ஆதரிக்காததற்குக் காரணமும் இதுதான். ஈரக் குப்பையை எரிக்கக் கூடாது. அது கிடங்கில் அழுகினால் மீத்தேன் வரும். நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப் போல 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். அதையே மூடிய தொட்டியில் அழுகவிட்டால் சாண எரிவாயு போல அடுப்பெரிக்கலாம்.

நம் மாவட்டத்தில் இதை அவசியம் யோசிக்க வேண்டும். மாம்பழக்கூழ் ஆலைகள் ஓடும் மாதங்களில் பெங்களூரா மாம்பழத்தின் தோலும் கொட்டையும் மலையாகக் குவிகின்றன. தோல் எரிவாயுக் கலனுக்கு ஏற்றது. காய்ந்த கொட்டை ஓடு கொதிகலனுக்கு ஆகும். ராயக்கோட்டைப் பக்கம் விலை விழுந்து தக்காளியைச் சாலையோரம் கொட்டும் நாட்களிலும் இதே எண்ணம்தான் வருகிறது. கூழ் ஆலைகளில் வேலை செய்யும் உறுப்பினர்கள் நிர்வாகத்திடம் இதைப் பேச முன்வர வேண்டும்.

சரி, சங்கம் செய்ததைச் சொல்கிறேன். மக்கும் குப்பைக்கும் மக்காத குப்பைக்கும் இருக்கும் தொட்டிகளோடு, வீட்டுக்கு ஒரு பழைய அரிசிச் சாக்கு என்று ஏற்பாடு செய்தோம். கவரைத் தண்ணீரில் அலசி, கொடியில் உலர்த்தி, அதில் போட வேண்டும். பி.வி.சி. குழாய், ரெக்சின் பை, பேட்டரி, பல்பு, மாத்திரை அட்டை இவை சாக்குக்குள் வரவே கூடாது. பி.வி.சி.யில் உள்ள குளோரின் சூளைக்குள் படிந்து அடைத்துக்கொள்ளும் என்பதால் ஆலைகள் அதை ஏற்பதில்லை. சங்கக் கட்டடத்தின் பின்புறம் தகரக் கொட்டகை போட்டிருக்கிறோம். மழைக்காலத்தில் சாக்குகள் அங்கே நனையாமல் இருந்தன. தூய்மைப் பணியாளர்கள் அங்கிருந்து நகராட்சி மையத்துக்கு எடுத்துச் செல்கிறார்கள். முதலில் சாக்கைத் தொட மறுத்த வீடுகளும் உண்டு. மகளிர் குழுவினர் வாசல் வாசலாகப் போய், அலசி உலர்த்துவதைச் செய்துகாட்டிய பிறகுதான் நிலைமை மாறியது. இந்த ஆண்டின் வெற்றி அவர்களுடையது.

இன்னும் தீராத ஒன்று போக்குவரத்து. சிமெண்ட் ஆலைகள் நமக்குப் பக்கத்தில் இல்லை. சங்ககிரி, டால்மியாபுரம், அரியலூர் என்று போக வேண்டும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. உறைகளை அழுத்திக் கட்டாமல் ஏற்றினால் லாரி பாதிக்குப் பாதி காற்றைத்தான் சுமந்து போகும். மையத்தில் அழுத்திக் கட்டும் இயந்திரம் வேண்டும் என்று நகராட்சிக்கு மனு கொடுத்திருக்கிறோம். பதிலுக்குக் காத்திருக்கிறோம், மீண்டும் நேரில் போய்க் கேட்போம்.

பேரவையின் ஒப்புதலுக்கு இரண்டு தீர்மானங்களை வைக்கிறேன். வரும் போகிக்கு நம் தெருக்களில் டயரோ பிளாஸ்டிக்கோ எரிக்கப்படாது. பழைய துணியும் பாயும் முதல் நாளே கொட்டகைக்கு வந்துவிட வேண்டும். அடுத்தது, சாக்குகளைப் பிரித்துக் கையாளும் தூய்மைப் பணியாளர்களுக்குக் கையுறையும் முகக்கவசமும் சங்க நிதியிலிருந்து ஆண்டு முழுவதும் வாங்கித் தருவது. இரண்டாவதை விவாதம் இல்லாமலே நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி.

இப்படிக்கு,
செயலாளர்