சனிக்கிழமை இரவே தெரிந்திருக்க வேண்டிய கோப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மண்ணடியில் துறைமுக வேலையை நம்பி நடக்கும் இறக்குமதிச் சரக்குகளைச் சுங்கத்துறையிடமிருந்து விடுவித்துத் தரும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் பதினான்கு ஆண்டுகளாகக் கணினிகளைப் பராமரித்து வருகிறேன். பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சரக்குக்காகச் சுங்கத்துறையில் தாக்கல் செய்யும் ஆவணம்), இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் என எங்கள் காகிதங்கள் அனைத்தும் ஒரே லினக்ஸ் சர்வரில்தான் இருக்கின்றன. எங்களைப் போன்ற சிறு அலுவலகங்களுக்குச் சர்வர் அமைத்துத் தருவோர் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு கண்காணிப்பை, அதாவது வழக்கத்துக்கு மாறாகப் பெரிதாகும் கோப்பை உடனே காட்டிக்கொடுக்கும் ஏற்பாட்டைப் பற்றியே இக்கடிதம்.

கடந்த ஆண்டு ஒரு சனிக்கிழமை இரவு 7 மணிக்குத் தொடங்கிய பேக்கப் மென்பொருள், வெளி வட்டு இணைப்பு அறுந்துபோனதால், அந்தப் பிழையைத் தன் லாக் கோப்பில் (நடப்பவற்றைக் குறித்துவைக்கும் கோப்பு) ஓயாமல் எழுதத் தொடங்கியது. திங்கள் காலை 9 மணிக்கு நாங்கள் வந்தபோது அந்த ஒற்றைக் கோப்பு சுமார் 240 ஜிபி அளவுக்கு வளர்ந்து, 1 டிபி வட்டில் மிச்சமிருந்த இடம் முழுவதையும் விழுங்கியிருந்தது. அது தெரியாமல் ஊழியர்கள் திருத்திச் சேமித்த சில கோப்புகள் பூஜ்ஜியம் பைட்டாகி, பழைய உள்ளடக்கமும் போயிற்று. பதற்றத்தில் லாக் கோப்பை அழித்தேன். ஆனால் பேக்கப் மென்பொருள் அதைத் திறந்தே வைத்திருந்ததால், அதை நிறுத்தும்வரை இடம் திரும்பக் கிடைக்கவில்லை. கப்பல் வந்து சேரும் நாளுக்கு முந்தைய நாளே பில் ஆஃப் என்ட்ரி தாக்கலாக வேண்டும் என்பது பொது விதி. தாமதமானால் முதல் மூன்று நாட்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதன்பின் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் தாமதக் கட்டணம். இறக்குமதியாளருக்கு நாங்கள் என்ன பதில் சொல்ல முடியும்?

சர்வரை அமைத்துத் தந்த நிறுவனம் எச்சரிக்கை எதுவும் வைக்காமல் இல்லை. வட்டு 90 சதவீதம் நிரம்பினால் மின்னஞ்சல் வரும். அது வந்தது ஞாயிறு மாலையில், அன்று யாரும் திறக்காத அலுவலக முகவரிக்கு. மாறாக, 1 ஜிபியைத் தாண்டும் புதிய கோப்பு எதுவாயினும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துச் சொல்லும் ஏற்பாடு இருந்திருந்தால், மணிக்கு 6 ஜிபிக்கு மேல் வளர்ந்த இந்தக் கோப்பு சனிக்கிழமை இரவு ஏழரைக்குள் பிடிபட்டிருக்கும். வட்டில் எவ்வளவு இடம் போயிற்று என்பதை மட்டும் பார்ப்பவருக்கு, எந்தக் கோப்பு, எப்போதிலிருந்து என்பது தெரியாது.

இதற்குப் பெரிய செலவு கிடையாது. லினக்ஸில் கோப்புகளைத் தேடும் ‘ஃபைண்ட்’ கட்டளையையும் ‘கிரான்’ என்னும் நேர அட்டவணையையும் சேர்த்தாலே போதும். கோப்பு மாறிய கணமே தெரிவிக்கும் ‘ஐநோட்டிஃபை’ வசதி 2005 முதலே லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் இருக்கிறது. அதைத்தான் முதலில் நானும் நாடினேன். ஆனால் கோப்பு உருவாகும் கணத்தில் அதன் அளவு தெரியாது என்பதால், எழுதி முடித்து மூடப்படும் நிகழ்வுக்காகவே பலரும் காத்திருக்கிறார்கள். எங்கள் லாக் கோப்போ கடைசிவரை மூடப்படவே இல்லை. உள் ஃபோல்டர் ஒவ்வொன்றையும் அதில் தனித்தனியே பதிய வேண்டியும் இருக்கிறது. ஆகவே நேரம் வைத்துப் பார்ப்பதே எங்களுக்கு ஏற்றது என முடிவு செய்தேன். இதிலும் ஒரு கவனம் தேவை: நகலெடுக்கும்போது பழைய தேதியைச் சுமந்தபடியே வரும் கோப்புகள் உண்டு என்பதால், திருத்திய நேரத்தை மட்டும் நம்பாமல், கோப்பின் விவரங்கள் மாறிய நேரத்தையும் பார்க்க வேண்டும். விண்டோஸ் சர்வர் வைத்திருப்போர், அதனுடன் கூடுதல் கட்டணமின்றி வரும் ‘ஃபைல் சர்வர் ரிசோர்ஸ் மேனேஜர்’ வசதியைச் சேர்த்து, ஃபோல்டருக்கு ஃபோல்டர் வரம்பும் எச்சரிக்கையும் வைத்துக்கொள்ளலாம்.

எது அசாதாரணமான அளவு என்பதை அந்தந்த ஃபோல்டர்தான் சொல்ல வேண்டும். ஸ்கேன் செய்த காகிதங்கள் ஓரிரு எம்பிக்குள் அடங்கும் ஃபோல்டரில் 300 எம்பி கோப்பு வந்தாலே கேள்வி எழ வேண்டும். பேக்கப் ஃபோல்டரில் அது ஒன்றுமே இல்லை. காகித ஃபோல்டரில் நள்ளிரவில் பெரிய ஜிப் கோப்பு முளைத்தால், யாரோ ஆவணங்களை மூட்டை கட்டுகிறார்கள் என்றும் இருக்கலாம். அவ்வகை ஊடுருவல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தகவல் தர வேண்டும் என்ற ஆணை 2022 முதல் இருக்கும்போது, அது நம் கண்ணிலேயே படாமல் போவது எவ்வளவு பெரிய ஆபத்து!

ஆகவே ஆண்டுதோறும் ஏ.எம்.சி. எனும் பராமரிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அலுவலகங்கள், எந்த ஃபோல்டருக்கு என்ன அளவு வரம்பு, எச்சரிக்கை ஞாயிற்றுக்கிழமையில் யாருடைய கைப்பேசிக்குப் போகும் என்ற இரண்டையும் அதில் எழுதி வாங்க வேண்டும் என்றும், எங்கள் தொழில் சங்கங்கள் இதை உறுப்பினர்களிடம் வற்புறுத்த வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்பாளர் ஒருவர்,
ராயபுரம், சென்னை-13.