சஃபாரிக்குக் கிளம்பும் கதிருக்கு

கதிர்,

பிப்ரவரியில் தான்சானியா போகிறாய் என்று அப்பா சொன்னதிலிருந்து இங்கே கோவையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாங்கள் அருஷாவில் வேலை பார்த்த காலத்தில் லீவு கிடைத்தால் செரங்கெட்டி வனவிலங்குப் பூங்காப் பக்கம்தான் கிடப்போம், நீ ஹாஸ்டலில் இருந்ததால் உனக்கு அது அதிகம் வாய்க்கவில்லை. ஜூலைக்கு மேல் போனால்தான் வில்டபீஸ்ட் என்கிற மாடு மாதிரியான மான்கள் மாரா ஆற்றைக் கூட்டம் கூட்டமாகக் கடப்பதைப் பார்க்கலாம் என்று உன் சிநேகிதர்கள் சொல்கிறார்களாமே, சொல்லட்டும். என் ஓட்டு பிப்ரவரிக்குத்தான். அப்போது பத்து லட்சத்துக்கும் மேலான வில்டபீஸ்ட் தெற்கே என்டூட்டு சமவெளியில் இருக்கும், ஏறக்குறைய மூன்று வாரத்துக்குள் பெரும்பாலான கன்றுகள் பிறந்துவிடும், பிறந்த சில நிமிடங்களிலேயே எழுந்து நிற்கும். கன்று இருக்கிற இடத்துக்குச் சிங்கம், சீட்டா என்கிற சிவிங்கிப்புலி, கழுதைப்புலி எல்லாம் தானாக வந்து சேரும். அங்கே புல்லும் குட்டை. எரிமலைச் சாம்பல் படிந்து அடியில் பாறை மாதிரி இறுகிப்போன மண், மரத்தின் வேர் இறங்காது. அதனால் கண்ணுக்கு எட்டிய தூரம் வெட்டவெளி.

சரி, பார்ப்பது எப்படி என்பதற்கு வருகிறேன். சிங்கத்தை நீ தேட வேண்டாம். சிங்கத்துக்குப் பயப்படுகிறவை முகத்தை எந்தப் பக்கம் வைத்திருக்கின்றன என்று கவனி, போதும். நாலைந்து ஒட்டகச்சிவிங்கி இலையைக் கடிப்பதை விட்டுவிட்டு ஒரே திசையில் உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றால், வண்டியை நிறுத்தச் சொல். இம்பாலா மான் மூக்கால் புஸ்ஸென்று சீறினாலும் அப்படித்தான். இதில் கெட்டிக்காரன் என்றால் வெர்வெட் குரங்கு. சிறுத்தைக்கு ஒரு கத்தல், கழுகுக்கு வேறு, பாம்புக்கு வேறு. சிறுத்தைக் கத்தல் கேட்டால் மற்றவை மரத்தில் ஏறும், கழுகு என்றால் அண்ணாந்து பார்க்கும், பாம்பு என்றால் பின்னங்காலில் நின்று தரையைத் துழாவும். ராபர்ட் செய்ஃபார்த், டோரதி செனி, பீட்டர் மார்லர் மூவரும் கென்யாவின் அம்போசெலியில் இந்தக் கத்தல்களைப் பதிவு செய்து குரங்குகளுக்கே திருப்பிப் போட்டுக் காட்டி 1980இல் எழுதினார்கள். உனக்கு அதையெல்லாம் படிக்க நேரம் இருக்காது, குரங்கு எதற்குக் கத்துகிறது என்று டிரைவரிடம் கேள், சொல்லிவிடுவார்.

சிறுத்தைக்கு செரங்கெட்டி நடுவில் இருக்கிற செரொனெரா ஆற்றங்கரைதான் சரியான இடம். மரத்தை மொத்தமாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, படுத்தவாக்கில் ஓடும் கிளைகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போ. முதலில் தெரிவது வால்தான், நேராகத் தொங்கி நுனியில் மட்டும் மேல்நோக்கிச் சுருண்டிருக்கும், சுருண்ட இடத்தின் அடிப்பக்கம் வெள்ளை. ஏமாற்றுவதற்கென்றே அங்கே சாசேஜ் மரம் ஒன்று உண்டு, சுரைக்காய் மாதிரி காய்கள் நீளக் காம்பில் தொங்கும், முதல் நாள் முழுக்க எல்லாக் காயும் சிறுத்தை வாலாகவே தெரியும், பரவாயில்லை. கிளைக் கவட்டையில் மான் கால் ஒன்று செருகியிருப்பதைப் பார்த்துவிட்டால் அங்கேயே உட்காருங்கள். ஆள் தூரத்தில் இருக்காது.

உயரமான புல்லில் சிங்கம் படுத்திருந்தால் உடம்பு தெரியவே தெரியாது, காது ஆடும், அவ்வளவுதான். காதின் பின்பக்கம் கறுப்பாக ஒரு திட்டு இருக்கும், அந்த மஞ்சள் புல்லில் அது மட்டும் ஈ விரட்டி விரட்டி அசைந்துகொண்டிருக்கும், அதைப் பிடித்துக்கொண்டால் பக்கத்திலேயே இன்னொரு காது, அப்புறம் இன்னொன்று என்று ஒரு குடும்பமே எழுந்து வரும். பிணந்தின்னிக் கழுகையும் கவனி. காலையில் வெயில் ஏறி காற்று சூடாகும்வரை அவற்றால் சுலபமாகப் பறக்க முடியாது. இரை கிடக்கும்போதும் தரையில் இறங்காமல் மரத்திலேயே காத்திருந்தால், தின்றுகொண்டிருப்பவர் இன்னும் எழுந்து போகவில்லை என்று அர்த்தம்.

டிரைவரிடம் முதல் நாளே சொல்லிவிடு, சிங்கம், சிறுத்தை, யானை, எருமை, காண்டாமிருகம் என்கிற பிக் ஃபைவ் கணக்கு எங்களுக்கு வேண்டாம் என்று. நடந்து போய்ச் சுடுவதற்கு எது ஆபத்து என்று வேட்டைக்காரர்கள் போட்ட பட்டியல் அது, கேமரா தூக்கிக்கொண்டு போகிற உங்களுக்கு எதற்கு? அந்தப் பட்டியலைப் பிடித்துக்கொண்டால் ரேடியோவில் "சிம்பா", அதாவது சுவாஹிலியில் சிங்கம், என்ற சத்தம் கேட்டதும் வண்டி பறக்கும், போய்ப் பார்த்தால் இருபது வண்டி நடுவில் ஒரு சிங்கம் தூங்கிக்கொண்டிருக்கும். அது ஒரு நாளில் இருபது மணி நேரம்கூடத் தூங்கும், அவசரமே இல்லை. வழியில் புற்றுக்குப் பக்கத்தில் முகத்தைவிடப் பெரிய காதை வைத்துக்கொண்டு கரையான் தேடும் வௌவால் காது நரியை விட்டுவிட்டுப் போவீர்கள், எனக்கு அதுதான் ஆறாது.

என்டூட்டுவில் வண்டி தடத்தை விட்டு இறங்கிப் போகலாம், செரங்கெட்டி பூங்காவுக்குள் கூடாது. இறங்கலாம் என்பதாலேயே சீட்டாவை நெருக்குகிறார்கள். அது பகலில் வேட்டையாடுகிற பிராணி, புற்று மேல் ஏறி நின்று மானைக் குறி வைக்கும் நேரத்தில் குறுக்கே வண்டி நின்றால் அன்றைக்கு அதற்கும் குட்டிகளுக்கும் பட்டினிதான். தள்ளியே நிறுத்தச் சொல், டிரைவர் டிப்ஸுக்காக உள்ளே போகப் பார்ப்பார், நீ வேண்டாம் என்று சொன்னால் அவருக்கும் நிம்மதி.

இங்கோரோங்கோரோ என்கிற பழைய எரிமலைப் பள்ளத்துக்கு ஒரு முழு நாள் வை. சுவர் 600 மீட்டர் உயரம், உள்ளே 260 சதுர கிலோமீட்டர். ஒட்டகச்சிவிங்கியை அங்கே தேடாதே, பள்ளத்தின் தரையில் கிடையாது. கறுப்புக் காண்டாமிருகம் இருக்கிறது, ஆனால் தூரத்தில் சாம்பல் நிறக் கல்லாகத்தான் தெரியும், பைனாகுலரில் பார்த்துக்கொண்டே இரு, தலை தூக்கும். 1970க்கும் 1995க்கும் நடுவில் ஆப்பிரிக்காவில் அந்த இனத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு போய்விட்டது, அதனால் கல்லாகத் தெரிந்தாலும் பார்த்துவிட்டு வா.

பைனாகுலர் ஆளுக்கொன்று, எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுகிற 8x42 போதும், அதற்கு மேல் போனால் கை நடுங்குவதும் சேர்ந்து பெரிதாகத் தெரியும். பார்க்கும்போது இன்ஜினை அணைக்கச் சொல். கருநீலம், கறுப்புச் சட்டை வேண்டாம், செட்சி என்கிற கடிக்கும் ஈ அந்த நிறத்துக்குத்தான் ஓடி வரும், அதைப் பிடிக்க வைக்கிற பொறியே நீலமும் கறுப்பும் கலந்த துணிதான்.

ராத்திரி கூடாரத்திலிருந்து சாப்பாட்டு இடத்துக்கு நீயாக நடக்காதே, முகாமைச் சுற்றி வேலி கிடையாது, எருமை மேய்வதற்கு உள்ளேயே வரும். டார்ச் அடித்தால் காவலாளி வந்து கூட்டிக்கொண்டு போவார். அவர் வர நேரமாகி சோறு ஆறிப்போனாலும் பரவாயில்லை.

அம்மா